நம்ம நால்வர் பிரிந்துவிட்டார்கள்

#1 வெண்ணாற்றங்கரை

நம்ம இசைக்குழு நால்வரும் நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அறிவிப்புப் போட்டிருக்கிறார்கள். நான்கே வரி. பதினோரு வருடம் ஆகிவிட்டது, இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம், சண்டை எதுவும் இல்லை, வந்து கேட்டவர்களுக்கு நன்றி. கீழே நாலு பெயரும் அகர வரிசையில். யார் எழுதியது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது.

காலையில் பால் வாங்கப் போன இடத்தில் பார்த்தேன். காசைக் கொடுத்துவிட்டுப் பாலைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் முதல்முறை இவர்களைக் கேட்டது 2014இல், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விழாவில். மற்ற எல்லா அணிகளும் சினிமாப் பாட்டு. இவர்கள் மேடை ஏறி கிடாரில் டிஸ்டார்ஷனைப் போட்டுக் கம்பீர நாட்டை ராகத்தில், கோயிலில் சாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரியை வாசித்தார்கள். பின்னால் டிரம்ஸில் இரண்டு பெடலும் அதிர்ந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு வாத்தியார் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். சாமி புறப்பாடு என்று கால் நினைத்துவிட்டது போல.

வழக்கம்போல் குழுவின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். நாலு பேருக்கும் வீடு, வேலை, சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கிறார்கள். பாட்டுக்காரர், கிடார், பேஸ், டிரம்ஸ் என்றே எழுதுங்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

#2 டிகிரி_காபி

போச்சா? போன மாதம்தானே கும்பகோணத்தில் பார்த்தேன். நாலு பேரும் ஒரே தட்டில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

#3 மாயவரத்து_மழை

அந்த "சண்டை எதுவும் இல்லை"தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இங்கிலாந்து ராக் குழு ஒயாசிஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஆகஸ்ட் 28, பாரிஸ். மேடை ஏற வேண்டிய நேரத்தில் அண்ணனும் தம்பியும் மோதிக்கொண்டார்கள், கிடார் உடைந்தது, அன்று இரவே அண்ணன் நோயல் விலகிவிட்டார். பிறகு பதினாறு வருடம் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே இருந்தார்கள். 2025 ஜூலை 4 அன்று கார்டிஃபில் ஒன்றாக மேடையில் நின்றார்கள். வரப்புத் தகராறு இருந்தால் என்றைக்காவது ஒரு பஞ்சாயத்து நடக்கும், இல்லையென்றால் ஒரு சாவு வீட்டிலாவது பேசிக்கொள்வார்கள். தகராறே இல்லாமல் பிரிந்தவர்களை எதைச் சொல்லிச் சேர்த்துவைப்பது?

#4 ஆழித்தேர்_வடம்

சண்டை இல்லை என்பதெல்லாம் பூசி மெழுகுவது. பாட்டுக்காரருக்குச் சென்னையில் டிராக் பாட வாய்ப்பு வந்துவிட்டது. மாதத்தில் பாதி நாள் மன்னை எக்ஸ்பிரஸில்தான் தூங்குகிறார். அவர் ஏறிப் போய்விட்டார், மற்ற மூன்று பேரும் பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். இதுதான் விஷயம். மேலும் போன பொங்கலுக்கு ஒரு ஊரில் நடந்ததை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அன்றைக்கு அவர்

(மீதி நீக்கப்பட்டது)

#5 மட்டுறுத்துநர்

ஆழித்தேர், நேரில் பார்த்தது, காதில் விழுந்தது, சித்தப்பா சொன்னது எதுவும் இங்கே வேண்டாம். ஒருவரின் குடும்ப விஷயம் அது. பாட்டைப் பற்றிப் பேசுங்கள்.

#6 அரியலூர்_ஆள்

மன்னிக்கவும், இழை புரியவில்லை. யார் இவர்கள்? ஸ்பாட்டிஃபையில் தேடினேன், ஒன்றும் வரவில்லை.

#7 டிகிரி_காபி

வராது. இவர்கள் ஆல்பமே போடவில்லை. மொத்தம் பதினான்கு பாட்டு. யூடியூபில் மூன்று, அதிலும் ஒன்றில் ஜெனரேட்டர் சத்தம்தான் அதிகம். மிச்சமெல்லாம் எங்கள் போன்களில் இருக்கிறது. அரிசி மில் குடோன் ஒன்றில்தான் பயிற்சி. ராத்திரி எட்டு மணிக்கு மில் நின்ற பிறகு ஆரம்பிப்பார்கள். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்து கேட்போம். வீட்டுக்குப் போனால் தலையெல்லாம் தவிடு.

#8 கொள்ளிடக்கரை

மாயவரத்தாருக்கு. சண்டை இல்லாமல் பிரிவது அவ்வளவு அதிசயம் இல்லை. அமெரிக்க ராக் குழு ஆர்.ஈ.எம். அப்படித்தான் பிரிந்தது. 2011 செப்டம்பர் 21, அவர்களுடைய தளத்தில் சின்ன அறிவிப்பு, முப்பத்தோரு வருடக் குழு முடிந்தது. வழக்கு இல்லை, பேட்டியில் வசை இல்லை. 2024 ஜூனில் நியூயார்க்கில் ஒரு பாராட்டு விழாவில் நாலு பேரும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள், அப்புறம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் அவர்களை இழுப்பதற்கு வேறு காரணமும் உண்டு. ஆர்.ஈ.எம். பாட்டுகளில் யார் மெட்டுப் போட்டார், யார் வரி எழுதினார் என்று பிரித்துப் போட மாட்டார்கள். பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நாலு பெயரும் சேர்ந்தே வரும், காசும் சமமாகவே போகும். நம்ம ஆட்களும் அப்படித்தான். ஒருமுறை டீக்கடையில் பேஸிடம் "இந்தப் பாட்டு யார் எழுதியது?" என்று கேட்டேன். "நாங்க" என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் "நாங்க". பிறகு டீக்குக் காசு கொடுத்தது மட்டும் நான்.

டிரம்ஸ்காரர் பில் பெர்ரி கதை நம் டெல்டாவுக்குப் பொருத்தம். 1995இல் சுவிட்சர்லாந்தில் மேடையிலேயே மூளை இரத்தக்குழாய் பிரச்சினையால் விழுந்தார். பிழைத்து வந்து வாசித்தார். 1997இல், என்னால் குழு உடையக் கூடாது, நீங்கள் தொடர்வதாக இருந்தால்தான் போவேன் என்று சொல்லிவிட்டு விலகினார். போய் என்ன செய்தார் தெரியுமா? ஜார்ஜியாவில் நிலம் வைத்துத் தீவனப்புல் பயிரிட்டார். நம் ஊரில் அப்பா நிலத்தைப் பார்க்கச் சொன்னால் பையன் டிரம்ஸ் பக்கம் ஓடுகிறான். அங்கே டிரம்ஸை விட்டு நிலத்துக்கு ஓடியிருக்கிறார்.

#9 ஆழித்தேர்_வடம்

சரி, நான் பாட்டைப் பற்றியே பேசுகிறேன். பில் பெர்ரி போன பிறகும் மற்ற மூன்று பேர் பதினான்கு வருடம் ஓட்டினார்கள் அல்லவா? மூன்று கால் நாயும் நாய்தான், வேறு மாதிரி ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மைக்கேல் ஸ்டைப்பே சொன்னார். இங்கேயும் ஒருவர் போனால் இன்னொருவரைப் போட்டுக்கொண்டு நடத்தலாமே. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நாலு மாவட்டத்தில் டிரம்ஸ் அடிக்க ஆளா இல்லை?

#10 பத்திர_எழுத்தர்

பாகப்பிரிவினை எழுதியே தலை நரைத்தவன் நான். எனக்கு ஒரு சந்தேகம், பதினான்கு பாட்டையும் எப்படிப் பாகம் பிரிப்பது?

நிலம் என்றால் நாலு பக்கமும் எல்லை போட்டுக் கல் நட்டுவிடலாம். கூட்டாக எழுதிய பாட்டு அப்படி இல்லை. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி நாலு பேருக்கும் உரிமை உண்டு, அந்த உரிமை நால்வரில் கடைசியாகக் காலமாகிறவர் போன பிறகும் அறுபது வருடம் இருக்கும். பேரன் பேத்திகள் வரை உட்கார்ந்து பேச வேண்டிய விவகாரம். பீட்டில்ஸ் பிரிவு வெளியே தெரிந்தது 1970 ஏப்ரலில். அந்த வருடம் டிசம்பர் 31 அன்று பால் மெக்கார்ட்னி மற்ற மூன்று பேர் மேலும் லண்டனில் வழக்குப் போட்டார். ஜான் லெனன் பிரிவு ஒப்பந்தத்தில் தன் கையெழுத்தைப் போட்டு முடித்தது 1974 டிசம்பர் கடைசியில், அதுவும் ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்குப் பிள்ளையுடன் போயிருந்த இடத்தில். நம் ஊரில் சிலர் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கல்யாண மண்டபத்துக்கு வரச் சொல்வார்கள், அது மாதிரி.

பெயர்த் தகராறு இன்னும் மோசம். ரோஜர் வாட்டர்ஸ் 1985இல் விலகிவிட்டு, பிங்க் ஃபுளாய்ட் என்ற பெயரை மற்றவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் போனார். 1987 டிசம்பரில் சமரசம் ஆயிற்று, பெயர் மற்றவர்களுக்கே போனது. நாலு பேரும் மறுபடி சேர்ந்து நின்றது 2005 ஜூலை 2 லண்டனில், ஒரே ஒரு நாள்.

தம்பிகள் ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளட்டும். காசு வாங்காமல் எழுதித் தருகிறேன்.

#11 மாயவரத்து_மழை

ஐயா, அந்தப் பதினான்கு பாட்டுக்கும் இதுவரை பதினான்கு ரூபாய்கூட ராயல்டி வந்திருக்காது.

#12 பத்திர_எழுத்தர்

இன்றைக்கு வராது தம்பி. மொஹீனெர் கோராகுலி என்று கொல்கத்தாவில் ஒரு குழு 1975இல் தொடங்கியது. இருந்த காலத்தில் கேட்க ஆள் இல்லை, சில வருடங்களில் கலைந்துவிட்டது. 1990களில் புது இளைஞர்கள் அந்தப் பாட்டுகளைத் தேடிப் பிடித்துப் பாட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு வங்காள ராக் என்றாலே முதலில் அவர்கள் பெயர்தான் வருகிறது.

#13 கஜாவில்_தப்பிய_தென்னை

ஒயாசிஸும் பீட்டில்ஸும் இருக்கட்டும். நான் பேராவூரணிப் பக்கம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை ஏறியது. எங்கள் தோப்பில் நின்றது பதினொரு மரம், மற்றதெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கிடந்தது. ஐந்தாறு நாள் கழித்து, நாங்கள் பள்ளிக்கூட முகாமில் இருந்தபோது, ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. அரிசி, மெழுகுவர்த்தி, தார்ப்பாய் எல்லாம் இறக்கினார்கள். இறக்கியவர்களில் இவர்கள் நாலு பேரும் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் குடோனிலும் கூரை ஷீட் பறந்து ஆம்ப்ளிஃபயர் இரண்டும் நனைந்து போயிருந்தது என்பதும் பின்னால்தான் தெரியும்.

கரண்ட் இல்லை. கொசு. பிள்ளைகள் தூங்கவில்லை, காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே அழ ஆரம்பித்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒருவர் சாதாரணக் கிடாரை எடுத்தார், டிரம்ஸ்காரர் ஒரு தவிலை எடுத்தார். எங்கள் தெரு ஆட்களுக்குக் கோபம்தான் வந்தது. எழவு விழுந்த வீட்டில் என்னடா மேளம் என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். டிரம்ஸ்காரர் உடனே தவிலை ஓரமாக வைத்துவிட்டு, மேசையில் விரல் நுனியால் தட்ட ஆரம்பித்தார். மிகவும் மெதுவாக. பாட்டுக்காரர் அந்தத் தண்ணி வராத பாட்டைப் பாடினார். உங்களுக்கெல்லாம் தெரியும், ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கும் என்று வாய்க்காலில் காத்திருக்கிற ஆளின் பாட்டு. மேடையில் அதைக் கத்திப் பாடுவார். அன்றைக்குப் பேசுகிற மாதிரி பாடினார்.

பாதியில் ஒரு ஆயா குறுக்கிட்டு, தம்பி, நடவுப் பாட்டு வருமா என்று கேட்டது. பாட்டுக்காரருக்கு வரவில்லை. பேஸுக்கு வந்தது, அவர் அம்மா நடவுக்குப் போனவராம். குரல் சுமார்தான். ஆயா எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் பாடினார். கொஞ்ச நேரத்தில் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் போட்ட பெரியவர் வந்து, அந்தத் தவிலைச் சும்மா ஏன் வைத்திருக்கிறாய், அடி என்றார்.

கரண்ட் வர இன்னும் பல நாள் ஆனது. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

#14 டிகிரி_காபி

தென்னை அண்ணே, இதை இத்தனை வருடம் ஏன் எழுதவில்லை?

#15 கஜாவில்_தப்பிய_தென்னை

யாரும் கேட்கவில்லை.

#16 தவில்_வீட்டுப்_பிள்ளை

ஆழித்தேர், டிரம்ஸ் அடிக்க ஆளா இல்லை என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில், நானும் வாசிக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் "செட்" என்போம். செட் நாகஸ்வரக்காரர் பெயரில் இருக்கும். கச்சேரி ஒப்புக்கொள்வது, அட்வான்ஸ் வாங்குவது, வண்டி பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று எல்லாருக்கும் அவர்தான் பிரித்துக் கொடுப்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் இன்னொரு தவில் போகும், செட் நிற்காது. கொஞ்சம் பெயர் வந்துவிட்டால் பத்திரிகையில் "ஸ்பெஷல் தவில்" என்று தனியாகப் போடுவார்கள். அவர் இன்றைக்கு ஒரு நாகஸ்வரம், நாளைக்கு வேறு நாகஸ்வரம். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு வாசித்தது ஊர் அறிந்த கதை, அதற்காக அவர் ஒருவருக்கே கட்டுப்பட்டவர் என்று யாரும் நினைக்கவில்லை. செட் மாறுவதை எங்களில் யாரும் பிரிவு என்று சொல்ல மாட்டோம். அது பிழைப்பு.

இவர்கள் செட் வைக்கவில்லை. முதலாளி கிடையாது, சம்பளம் கிடையாது. இருபதாயிரம் வந்தால் வண்டி, டீசல், சவுண்டுக்காரர் போக மிச்சத்தை நாலாக வகுப்பார்கள். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு வந்தால் அது நல்ல நாள். அழகான ஏற்பாடுதான், நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அதில் யாருக்கும் மாற்று ஆள் கிடையாது. ஒருவர் வர முடியவில்லை என்றால் அன்றைக்குக் குழுவே இல்லை.

டிரம்ஸ்காரர் எங்கள் ஜாதகம் தெரிந்தவர், மேளக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த மல்லாரிப் பாட்டில் நடுவில் நாலை மூன்றாக மாற்றி அடிப்பாரே, நீங்களெல்லாம் வெளிநாட்டு பாணி என்று நினைத்தது, அது திஸ்ர நடையை வீட்டுத் திண்ணையில் சொல்லிச் சொல்லி வந்த கை. அவர் வீட்டில் என்ன என்பதை எழுத மாட்டேன், மட்டுறுத்துநர் நீக்குவார், நானும் எழுதக் கூடாது. பஞ்சாங்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். வைகாசி, ஆனி, ஆவணி, தை, மாசி. முகூர்த்தம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்கிறார்கள். குழுவுக்கு நிகழ்ச்சி வருவதும் சனி, ஞாயிறு. ஒரு வீட்டில் இரண்டு தவில் இருந்தவரை ஒருவர் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போனால் இன்னொருவர் டிரம்ஸ் பக்கம் போகலாம். ஒன்றாகிவிட்டால்?

#17 ஆழித்தேர்_வடம்

அப்போது பாட்டுக்காரர் சென்னை போனதால் இல்லையா?

#18 தவில்_வீட்டுப்_பிள்ளை

அவர் இரண்டு வருடமாகப் போய் வருகிறார். சனிக்கிழமை காலையில் மன்னார்குடியில் இறங்கி நேராகக் குடோனுக்கு வருவார்.

#19 ஆழித்தேர்_வடம்

சரி. நான் எழுதியதை அழித்ததற்கு மட்டுறுத்துநருக்கு நன்றி.

#20 மாயவரத்து_மழை

ஆனாலும் கேட்கிறேன். ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் போன் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார், குழு வேறு பாடகரைப் பிடித்து அதே ஜூலையில் புது ஆல்பத்தை வெளியிட்டது. இந்தியன் ஓஷன் குழுவில் அசீம் சக்ரவர்த்தி 2009இல் காலமானார், 2013இல் சுஷ்மித் சென் விலகினார், குழு இன்னும் வாசிக்கிறது. எல்லாரும் நிறுத்திவிடவில்லையே.

#21 கொள்ளிடக்கரை

லெட் செப்பலின் குழு நிறுத்தியது. 1980 செப்டம்பரில் டிரம்ஸ்காரர் ஜான் பான்ஹம் இறந்தார், டிசம்பர் 4 அன்று இனி இல்லை என்று மற்ற மூவரும் அறிக்கை விட்டார்கள். அவர்களுக்கு அவர் டிரம்ஸ் அடித்தவர் மட்டும் இல்லை. இங்கேயும் மல்லாரிப் பாட்டை வேறொருவர் அடித்துக் கேட்க எனக்குக் காது வராது. வேறு பெயரில் மூன்று பேரும் ஏதாவது செய்தால் முதல் ஆளாக வந்து சாக்கு மேல் உட்காருவேன்.

#22 பெரியகோயில்_புறா

நால்வர் நால்வர் என்று எல்லாரும் எழுதுவதால் ஒரு செய்தி. நம் அசல் தஞ்சை நால்வரும் பிரிந்தவர்கள்தான். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, சரபோஜி காலத்து அண்ணன் தம்பிகள், பரதத்துக்கு இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர்கள். சின்னையா மைசூர் அரண்மனைக்குப் போனார், வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளிடம் போனார். ஊரோடு கிடந்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும், மைசூருக்கும் திருவாங்கூருக்கும் நஷ்டம்.

#23 டிகிரி_காபி

புறா எப்போதும் இருநூறு வருடத்துக்கு முன்னால்தான் பறக்கும்.

#24 வெண்ணாற்றங்கரை

எல்லாவற்றையும் படித்தேன். தென்னை அண்ணன் எழுதியதை இரண்டு தடவை.

இப்போது ஒரு அவசரம். மில்லுக்குப் போய்விட்டு வந்தேன். குறுவை நெல் வர ஆரம்பித்துவிட்டது, ஞாயிறு மதியத்துக்குள் குடோன் மூலையைக் காலி செய்து தரச் சொல்கிறார் மில்லுக்காரர். கோபமாகச் சொல்லவில்லை, இத்தனை வருடம் வாடகையே வாங்காதவர். நாலு பேரிடமும் பேசிவிட்டேன். ஆம்ப், டிரம்ஸ் எல்லாம் அவர்களே எடுத்துப் போகிறார்கள். ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் இருக்கிறது, பயிற்சியில் பதிவு செய்த எல்லாம் அதில்தான். எங்களில் யாராவது வைத்துக்கொள்ளலாம், பொதுவில் போட வேண்டாம், நாலு பேரும் ஒத்துக்கொண்டால் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

நாளைக்குத் திறந்து பார்க்க லேப்டாப் தெரிந்த ஒருவர் வேண்டும். சாக்கு தூக்க இரண்டு பேர்.

#25 பத்திர_எழுத்தர்

வெள்ளைத்தாள் கொண்டு வருகிறேன்.

#26 அரியலூர்_ஆள்

நான் ஐ.டி. வேலைதான், டிஸ்க்கைப் பிரதி எடுத்துத் தருகிறேன். வெளியே விட மாட்டேன். ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமா?

#27 வெண்ணாற்றங்கரை

வாருங்கள். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், தவிடு போகாது.

#28 கொள்ளிடக்கரை

சென்னையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். சனி இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், விடியற்காலை கும்பகோணம். ஸ்டேஷனுக்கு யாராவது வண்டி கொண்டு வர முடியுமா?

#29 ஆழித்தேர்_வடம்

நான் வருகிறேன். டீக்குக் காசு உங்களுடையது.